கரி பஸ்ஸும் ராத்திரி மெக்கானிக்கும்

போன மாதம் அரக்கோணத்தில் ஒரு கல்யாணம். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவப் போன என்னைப் பணிமனைப் பிள்ளைகள் நாலு பேர் வளைத்துக்கொண்டார்கள். எல்லோரும் பஸ் மெக்கானிக்குகள். புதிதாக வந்த ஏற்பாட்டின்படி மாதத்தில் பாதி நாள் அவர்களுக்கு நைட் டூட்டியாம். "பாய், சாவடிக்கறாங்க பாய். நீங்க இன்னாடான்னா வேலைக்கு சேந்த நாள்லேந்து ரிட்டயர் ஆவற வரைக்கும் நைட்டே பாத்துகினு இருந்தீங்களாமே? யாரு பாய் உங்கள அப்பிடி பழிவாங்கனது?" என்று கேட்டார்கள்.

"யாரும் வாங்கலடா, நானா கேட்டு வாங்கினது" என்றேன். நான் ஏதோ தமாஷ் பண்ணுவதாக நினைத்துச் சிரித்தார்கள். தமாஷ் இல்லை. அந்த ராத்திரி வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்! அதைத்தான் எழுதுகிறேன்.

என் உடம்பின் வாகு அப்படி. சூரியன் ஏறினால் என் கண் இறங்கும். திருத்தணியில் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்தேன். ஏழு முழம் கேட்ட அம்மாவுக்குத் தூக்கக் கலக்கத்தில் பதினோரு முழம் கிழித்துக் கொடுத்தேன். சைக்கிள் கடையில் சேர்ந்தேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே டியூபின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். மூன்றாவதாக ஓட்டல். அதைச் சொல்ல வேண்டாம், சாம்பார் அண்டா சமாச்சாரம். எங்கள் அத்தா தலையில் அடித்துக்கொண்டு, "இவன் ஆளு இல்லடி, ஆந்தை" என்று அம்மாவிடம் சொல்வார்.

ஆனால் இருட்டிவிட்டால் நான் ராஜா! கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். மூளை சுறுசுறுவென்று ஓடும். ஊரெல்லாம் அடங்கியபின் எழுந்து தெருவில் நடப்பேன். ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன் கை விளக்கோடு தண்டவாளத்தைத் தாண்டிப் போவார். ரொட்டிக் கடையில் அடுப்பு எரியும். மலையடிவாரத்தில் விடியற்காலைப் பூஜைக்கு மாலை கட்டுகிறவர்கள் கதை பேசிக்கொண்டே கட்டுவார்கள். பீட் போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "இன்னாடா காதரு, இன்னும் விடியலியா உனக்கு?" என்பார். இத்தனை பேருக்கு ராத்திரியில் வேலை இருக்கிறதே, எனக்கு மட்டும் ஒன்று அமையாதா என்று அவர்களைப் பார்த்து வயிறு எரிவேன்.

அமைந்தது. யுத்தம் வந்து அமைத்துக் கொடுத்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் பஸ்களெல்லாம் கரியில் ஓட ஆரம்பித்தன. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண்ணை உருட்டுகிறார்கள். பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. அடியில் அடுப்பு, மேலே கரித் தொட்டி. உள்ளே கரி கனன்று புகைய, அந்த வாயு குழாய் வழியாக இஞ்சினுக்குப் போய், பெட்ரோல் செய்யும் வேலையைச் செய்யும். எங்கள் ஊரில் ஒரு முதலாளியிடம் அப்படி ஒரே ஒரு பஸ் இருந்தது. திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை வழியாகச் சோளிங்கர் போய் வரும். பகலெல்லாம் ஓடும் பஸ்ஸை ராத்திரியில்தான் கழுவித் துடைத்துத் தயார் செய்ய முடியும். அதற்கு ஆள் தேடினார்.

"ராத்திரி முழுக்க முழிச்சிகினு இருப்பியாடா?" என்றார் முதலாளி.

"பகல் முழுக்கத் தூங்க வுட்டீங்கன்னா இருப்பேங்க."

அவ்வளவுதான் பேட்டி. அரக்கோணத்தில் மாமா ஒருவரின் லாரி ஷெட்டில் ஆறு மாதம் ஸ்பேனர் பிடித்திருந்தேன். கரி உருளையைப் பொருத்த மெட்ராஸிலிருந்து வந்த ஃபிட்டரின் பின்னாலேயே இரண்டு வாரம் சுற்றினேன். என் படிப்பு அத்தனையும் அதுதான்.

வேலை என்னவென்று சொல்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ் ஷெட்டுக்கு வரும். முதல் சட்டம்: உடனே அடுப்பைத் தொடக்கூடாது. இரும்பு தானாக ஆற வேண்டும். அதற்கு நடுநிசி ஆகிவிடும். அதுவரை இஞ்சின் வேலை, பிரேக், டயர். ஆறியபின் அடிக்கதவைத் திறந்து சாம்பலை வார வேண்டும். கரியோடு வந்த மண்ணெல்லாம் உருகிக் கட்டிக் கட்டியாகக் கிட்டம் பிடித்திருக்கும். அதைக் கம்பியால் பதமாகத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு வடிகட்டிகளைக் கழற்றித் தூசி போகக் கழுவிக் காய வைக்க வேண்டும். பிறகு கரி சலிப்பது. எலுமிச்சங்காய் அளவுக்கு மேல் போனாலும் ஆகாது, தூளாக இருந்தாலும் ஆகாது, ஈரம் பட்டிருந்தால் அறவே ஆகாது.

மூன்றரை மணிக்கு மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அடுப்பைப் பற்ற வைத்து, விசிறியின் கைப்பிடியைப் பிடித்துக் கால் மணி நேரம் சுற்ற வேண்டும். விசிறி உருளைக்குள்ளிருந்து வாயுவை இழுத்து வெளியே தள்ளும். அங்கே தீக்குச்சியைக் காட்டினால் முதலில் அணைந்து அணைந்து போகும். ஒரு கட்டத்தில் குப்பென்று நீலமாகப் பிடித்து நின்று எரியும். அடேயப்பா, அந்த நீலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கைதட்டத் தோன்றும்! அப்புறம் இஞ்சினைக் கிளப்பி டிரைவர் ஏகாம்பரத்திடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவேன். ஷெட் கதவு மட்டும் மழையோ குளிரோ திறந்தே இருக்க வேண்டும். மூடினால் அந்த வாயு ஆளையே சாய்த்துவிடும்.

என் மேலதிகாரி ஹெட் மெக்கானிக் ரங்கய்ய நாயுடு. நகரிப் பக்கத்துக்காரர். வாயைத் திறந்தால் பாதி தெலுங்கு, பாதி தமிழ். ஆனால் அவர் வாய் திறந்து நான் கேட்டது அபூர்வம். அவர் பகல், நான் ராத்திரி. அவர் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு வருஷத்தில் நாலு தடவை நேரில் பார்த்திருந்தால் அதிகம். எங்களுக்குள் பேச்செல்லாம் ஷெட்டுச் சுவரில் சாக்பீஸால்தான். நடைக்கு நடை பஸ் திருத்தணி திரும்பும்போது கோளாறுகளை டிரைவரிடம் கேட்டு, அவர் சாயங்காலம் சுவரில் எழுதி வைப்பார். நான் முடித்ததும் பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். மறுநாள் அவர் சோதித்துப் பார்த்துத் திருப்தியென்றால் என் கோட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு போடுவார். திருப்தியில்லை என்றால் என் கோட்டை அழித்துவிடுவார். திட்டமாட்டார். அந்த அழித்த இடத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. பொல்லாத மனுஷன்!

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். விசிறியைக் கையால் சுற்றித் தோள்பட்டை கழன்றதால் எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய சைக்கிள் ஒன்றின் செயினை விசிறியில் மாட்டி, உட்கார்ந்து மிதித்தால் என்ன? வெறி பிடித்துவிட்டது. தினமும் வேலை முடிந்து மிச்சமான நேரத்தில் அதைச் செய்தேன். ஒரு ராத்திரி, இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் முடித்துவிடலாம் என்று தோன்றியது. அடுப்போ கொதிக்கிறது. ஆறும்வரை யார் காத்திருப்பது? இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கி அடுப்பின் மேல் ஊற்றினேன். சொய்ங் என்று ஆவி கூரை வரைக்கும் போயிற்று. பத்தே நிமிஷத்தில் ஆறிவிட்டது. ஆகா, இந்தப் புத்தி இத்தனை நாள் இல்லாமல் போயிற்றே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். சைக்கிளும் அன்று ராத்திரியே முடிந்தது.

மறுநாளே பஸ்ஸுக்கு இழுவை போயிற்று. கே.ஜி.கண்டிகைக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. அதில் பஸ் ஏறமாட்டேன் என்றது. ஜனங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். நாயுடு சுவரில் "இழுவை இல்லை, வடிகட்டி பார்" என்று எழுதினார். பார்த்தேன். மறுநாள் "கரி பார்." பார்த்தேன். இரண்டு நாளும் என் கோடு அழிந்திருந்தது. அவர் பகலில் ஒரு நடையை நிறுத்திவைத்துக் குழாய் குழாயாகக் கழற்றி மாட்டினார். இழுவை வரவில்லை. மூன்றாம் நாள் யாரோ சித்தூருக்கு மனு போட்டுவிட்டார்கள், அப்போது எங்களுக்கு ஜில்லா ஆபீஸ் அங்கேதான். ஒரு ஆபீசர் ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு வந்து, பஸ் நிறைய ஆளை ஏற்றி, ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் அந்த மேட்டில் ஏற்றிக் காட்டச் சொல்வாராம். ஏறாவிட்டால் பர்மிட் ரத்து.

முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "காதரு, ஏறலன்னா பஸ்ஸும் இல்ல, நீயும் இல்ல. நாயுடு பகல்ல எல்லாம் பாத்துட்டாரு. ராத்திரி வேலைதான் சரியில்லன்னு தோணுது."

எனக்கு உயிரே போய்விட்டது. இது போனால் மறுபடி ஜவுளிக் கடையா? சாம்பார் அண்டாவா? என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை இதுதான்.

நாலாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு நாயுடுவே ஷெட்டுக்கு வந்துவிட்டார், கையில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு. ஷெட்டே கல்யாண வீடு போல் வெளிச்சமாயிற்று. பஸ்ஸில் வெளியே தெரிந்த ஒவ்வொரு மரையையும் தொட்டுப் பார்த்தார். கடைசியில், "அடுப்ப மறுபடி பத்த வை நைனா. நான் விசிறி சுத்தறேன், நீ பின்னாடி போய் குழாய்ல காத்து ஏறுதான்னு கைவச்சி பாரு" என்றார். என் சைக்கிளைப் பார்த்து, "இது ஏமி சர்க்கஸு?" என்று கேட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்து மிதித்தார்.

பஸ்ஸின் பின்பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்தபடி நிற்கும். இத்தனை நாளும் விசிறி சுற்றுகிறவன் நானே என்பதால் அந்தச் சந்துக்குள் தீ எரியும்போது நான் போனதே இல்லை. இப்போது உள்ளே நுழைந்து குந்தினேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து விளக்கில் காற்று இறங்கி, மங்கி, அணைந்தது. "சை!" என்று நாயுடு மிதிப்பதை நிறுத்திவிட்டு விளக்கைப் பம்ப் அடிக்கப் போனார்.

அந்த இருட்டில் பார்த்தேன். உருளையின் அடியில், இரும்பு இரும்போடு சேரும் இடத்தில், முழ நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. விசிறி நின்றதும் அந்தக் கோட்டிலிருந்து மெல்லிய நீலச் சுடர் வெளியே நாக்கு நீட்டிற்று. விரிசல்! அது வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து, வாயு இஞ்சினுக்குப் போகுமுன்பே எரிந்து தீர்ந்துகொண்டிருந்தது. நான் தண்ணீர் ஊற்றிய இடம் அதுதான். அதே இடம்.

பெட்ரோமாக்ஸ் மறுபடி எரிந்தது. சுடர் காணாமல் போயிற்று. ஒன்றுமே இல்லாத இரும்பு! இப்படித்தான் நாயுடு நாலு நாளாகப் பட்டப் பகலில் தேடியிருக்கிறார். எப்படித் தெரியும்?

"இன்னா காதரு, ஏதாச்சும் கெடச்சுதா?" என்றார் அவர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குள் ஓடியது இதுதான்: சொன்னால் விரிசல் எப்படி வந்தது என்று கேட்பார், வேலை போகும். சொல்லாவிட்டால் பஸ் ஏறாது, அப்போதும் வேலை போகும். ஆனால் என் தப்பு யாருக்கும் தெரியாது. இப்படிக் கணக்குப் போட்டேன் பாருங்கள், அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஏகாம்பரம் நினைவுக்கு வந்தான். பஸ் நின்றால் அவனுக்கும் நாயுடுவுக்கும் சேர்த்துத்தான் அடுப்பு அணையும்.

"நாயுடுகாரு, லைட்ட அணைங்க" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"அணைங்க, காட்டறேன்."

அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினார். நான் ஓடிப்போய் மிதித்துவிட்டு நிறுத்தினேன். நீலச் சுடர் அவருக்கும் நாக்கு நீட்டிற்று.

"இது தானா வுட்டுகின வெடிப்பு இல்ல. சூட்டு இரும்புல தண்ணி பட்டுக்குது" என்றார் மெதுவாக.

"நான்தான் ஊத்தினேன் நாயுடுகாரு. சீக்கிரம் ஆறட்டும்னு ஊத்திட்டேன்."

திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "அத்த அப்பறம் பாக்கலாம். மணி பத்தரை ஆவுது. வெடிப்ப அடைக்க புத்து மண்ணு எங்க கெடைக்கும்?" என்றார்.

எங்கே கிடைக்கும்? தட்டார் வீட்டில்! தங்கம் உருக்கும் மூசைக்கு அவர்கள் புற்றுமண்தான் வைத்திருப்பார்கள். ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தட்டார் திருடன் என்று நினைத்துக் கூச்சல் போட்டார். "திருடன் கதவத் தட்டிகினா வருவான் ஆச்சாரி? நான் கரி பஸ் காதரு! ரெண்டு படி மண்ணு குடுங்க!" என்று நானும் கத்தினேன். "நட்ட நடு ராத்திரியில மண்ணு கேக்கறான் பாரு!" என்று திட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

மண் வந்துவிட்டது. ஆனால் சூட்டு இரும்பில் மண் ஒட்டாது. ஆற வேண்டும். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நாயுடு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "இன்னா நைனா, ரெண்டு வாளி ஊத்தலாமா?" என்றாரே பார்க்கலாம்! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஒன்றரைக்குத்தான் ஆறிற்று. புற்றுமண்ணில் உப்பும் கரித்தூளும் சேர்த்துப் பிசைந்து விரிசலில் அடைத்தோம். மேலே ஓர் இரும்புப் பட்டையைச் சுற்றி போல்ட் போட்டு இறுக்கினோம். சின்னத் தணலாகக் காட்டிக் காட்டி உலர வைத்தோம். நாலு மணிக்கு அடுப்பை முழுதாகப் பற்றவைத்து, விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் சந்துக்குள் எட்டிப் பார்த்தோம். இருட்டு! சுத்தமான, அழகான, கும்மிருட்டு! நான் நாயுடுவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர், "வுடுரா, வேர்வை" என்றார்.

ஏழு மணிக்கு ஆபீசர் வந்தார். பெட்ரோல் குழாயைத் திறக்க முடியாதபடி கட்டி அரக்கு வைத்தார். ஏகாம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன், பட்டையைப் பார்த்துக்கொள்ள. அப்போதுதான் கவனித்தேன். ஒரு வருஷமாக அந்த பஸ்ஸைக் கழுவுகிறேன், துடைக்கிறேன். அதில் ஜனங்கள் ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை! மடியில் கூடையோடு ஒரு அம்மா. மொட்டை அடித்த குழந்தைகள். மலைக்குப் போய்த் திரும்பும் கூட்டம், நெற்றி நிறைய விபூதி. இவர்களுக்காகத்தானா ராத்திரியெல்லாம் கரி சலித்தோம் என்று நெஞ்சு பொங்கிற்று.

மேடு வந்தது. பாதியில் இஞ்சின் சத்தம் கனத்தது. ஏகாம்பரம் கியரை மாற்றினான். பஸ் முக்கிற்று. பழகிப்போன இரண்டு பேர் தள்ளுவதற்கு இறங்கவே தயாராகிவிட்டார்கள். "எறங்காதீங்க! யாரும் எறங்காதீங்க!" என்று பின்னாலிருந்து கத்தினேன். உள்ளே ஒரு கிழவர், "முருகா!" என்றார். பஸ் முழுக்க, "அரோகரா!" என்றது. நான், "யா அல்லா!" என்றேன். யார் கேட்டார்களோ, இஞ்சின் இருமவில்லை, திணறவில்லை. அதே சத்தத்தோடு உறுமிக்கொண்டே ஏறி உச்சிக்கு வந்து நின்றது. உள்ளே ஒரே கைதட்டல். ஆபீசர் அரக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் முதலாளி பட்டையைப் பார்த்தார். "வெடிப்பா? எப்பிடி வந்துச்சி?"

நாயுடு வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நான்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்தது. சொன்னேன், இரண்டு வாளியையும் சேர்த்து.

முதலாளியின் முகம் சிவந்தது. "பர்மிட்டே போயிருக்கும்டா! நாளையிலேந்து வராத!"

அப்போதுதான் நாயுடு பேசினார். "மொதலாளி, நாலு நாளு நான் தேடனேன். எனக்கு ஆப்டல. இவனுக்கு ஆப்டுச்சி. கண்டும் காணாத மாதிரி இருந்திருந்தா நம்ம யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இவன அனுப்பிட்டு வேற ஆள வெய்யுங்க. அவனும் ஒரு நாளு தண்ணி ஊத்துவான். ஆனா சொல்ல மாட்டான்."

முதலாளி பட்டையை இன்னொரு தடவை பார்த்தார். "சரி, இருந்து தொலையட்டும். ஆனா ராத்திரி தனியா வேணாம். பகல்ல உன் கண்ணு முன்னாடி வேலை செய்யட்டும்."

பகலிலா! வேலை போகிறது என்றபோதுகூட அழாதவன் விசும்பிவிட்டேன். "பகல்ல வேணாங்க மொதலாளி. அதுக்கு பதிலா என்னிய அனுப்பிடுங்க" என்றேன்.

நாயுடு சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "பகல்ல நான் இருக்கறேன் மொதலாளி. எனக்குப் பகல்ல தெரியாதத பாக்கறதுக்கு ராத்திரியில ஒரு ஆளு வேணும். வுடுங்க அவன" என்றார்.

விட்டார்கள்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். என் ஆயுசிலேயே முதல் தடவையாகப் பகலில் தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுப்பதை அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாடா, வேலைய வுட்டு அனுப்பிட்டாங்களா?"

"இல்ல அத்தா" என்றேன். "எப்ப இருட்டும்னு பாத்துகினு கீறேன்."